மல்வேர்னின் நாற்பத்தொரு தேர்வாளர்கள்

அமெரிக்க ஜனநாயகத்தைத் தாங்கி நிற்கும் தூண்கள் மூன்று. முதலாவது அதன் அரசியல் சாசனம். இரண்டாவது அதன் உச்ச நீதிமன்றம். மூன்றாவது, ரொறன்ரோவின் வடகிழக்கு மூலையில், மல்வேர்னில், ஒன்பதாம் மாடியில் குடியிருக்கும் பத்மநாதன். முதல் இரண்டும் அவ்வப்போது ஆட்டம் காண்பதாகச் செய்திகள் வருகின்றன. மூன்றாவது இதுவரை ஆடியதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் சாய்ந்திருக்கும், அவ்வளவுதான்.

பத்மநாதன் அமெரிக்க மண்ணை மிதித்தது ஒரே ஒரு தடவை. பஃபலோவில் ஒரு கலியாணவீடு. எல்லையில் அதிகாரி காரின் பின்கதவைத் திறக்கச் சொன்னபோது, அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் சோதனையிடுவதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை அவர் அந்த அதிகாரிக்கு எடுத்துரைத்தார். கலியாணவீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பொம்பிளையும் கிளம்பிவிட்டிருந்தார்கள். மண்டபத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கு இரண்டு வடை கொடுத்தார்கள். அமெரிக்கர்களுக்குத் தங்கள் சாசனமே தெரியாது என்று அன்றைக்கு அவர் கண்டுபிடித்ததை இன்றுவரை யாராலும் மறுக்க முடியவில்லை.

பென்சில்வேனியாவின் அறுபத்தேழு மாவட்டங்களையும் அவர் மூச்சு விடாமல் ஒப்புவிப்பார். இரண்டாயிரமாம் ஆண்டு புளோரிடாவில் ஐந்நூற்று முப்பத்தேழு வாக்குகளில் ஒரு ஜனாதிபதி தீர்மானிக்கப்பட்டதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும். தான் இருக்கும் தொகுதியின் இலக்கம் மட்டும் அவருக்குத் தெரியாது. நகரசபை உறுப்பினர் யாரென்றும் தெரியாது. அந்த அம்மாவின் படம் பஸ் தரிப்பிடத்தில் உட்காரும் வாங்கிலேயே பெரிதாக ஒட்டப்பட்டிருந்தது. ஆனால் நம்மவர் வாழும் பகுதியில், கோட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் படம் எதுவானாலும் அது வீடு விற்கும் முகவருடையது என்பது பொதுவிதி. பத்மநாதன் பொதுவிதிகளை மதிப்பவர்.

அவர் நிறுவித் தலைமை தாங்கும் அமைப்புக்கு ‘அமெரிக்க அரசியல் ஆய்வு வட்டம், கனடா’ என்று பெயர். உறுப்பினர்கள் நாற்பத்தொரு பேர். எல்லோரும் அதே கட்டடத்தில் குடியிருக்கும் ‘குடும்பத் தலைவர்கள்’. குடும்பங்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தலைவர்கள் கீழ்த்தளத்து பார்ட்டி றூமில் கூடுவார்கள். அமெரிக்கா செவ்வாய்க்கிழமையில் வாக்களிக்கிறது என்பதால் கூட்டமும் செவ்வாய்க்கிழமைதான்.

“செவ்வாயில தொடங்கினால் என்னண்டு அண்ணை உருப்படும்? அதுதான் அமெரிக்கன் உந்தப் பாடு படுறான்” என்று செயலாளர் மாக்கஸ் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மாக்கஸ் பார்சல் வான் ஓட்டுபவர். பிறந்தது முதல் மற்றவர்களை வழிமொழிந்தே பழகியவர். சொந்தமாக அவர் முன்வைத்த ஒரே கருத்து இதுதான். வழிமொழிய யாருமில்லாமல் அது விழுந்துபோனது.

இனி, பத்மநாதனின் மனைவி குணவதி. அவள் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். விடிய ஐந்தேகாலுக்கு பஸ். பஸ் தரிப்பிடம் கட்டடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது, நடுவில் வாகனங்கள் ஆறு வரிசையில் பாயும் ஆறு ஒழுங்கை றோட்டு. சிக்னல் விளக்குள்ள சந்திக்குப் போய்க் கடந்து வருவதென்றால், பனிக்குள் பதினைந்து நிமிட நடை. ஆகவே அவளும் கூட வேலை செய்யும் பெண்களும் இருட்டில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடுவார்கள். போன மாசிமாதம் ஒரு காரின் கண்ணாடி குணவதியின் கையில் அடித்து மணிக்கட்டு முறிந்தது. கார் நிற்கவில்லை. ஆறு கிழமை கையில் மாக்கட்டு.

கட்டு அவிழ்த்த அடுத்த நாளே அவள் ஒரு கொப்பியைக் கையில் எடுத்தாள். கோடைகாலம் முழுக்க, வேலை முடிந்து பஸ்ஸால் இறங்குகிறவர்களை மறித்து, ‘இந்த இடத்தில் ஒரு சிக்னல் விளக்கு வேண்டும்’ என்று இருநூற்றுப் பதினான்கு கையெழுத்து வாங்கினாள். மழையிலும் வாங்கினாள். அதற்குப் பிறகுதான் நகரசபை இறங்கி வந்தது. சுற்றுவட்டாரத்தில் உள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் வாக்குச் சீட்டு வரும். வீட்டுக்கு ஒரு வாக்கு. பாதி வீடுகளாவது பதில் போட வேண்டும். போட்டவர்களில் பெரும்பான்மை ஓம் என்றால் விளக்கு வரும்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது பத்மநாதன் அரிசோனாவில் இருந்தார். அதாவது, மனத்தளவில்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் கதவு தட்டப்பட்டது. நகரசபை உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து அட்சயா என்ற பெண் வந்திருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் அதே சிரித்த முகம் போட்ட துண்டுப் பிரசுரம். பத்மநாதன் படத்தைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்தினார்.

“பிள்ளை, நாங்கள் வீடு விக்கேல்லை.”

“நோ அங்கிள், இது ஹவுஸ் விக்கிற ஆள் இல்ல. எங்கட கவுன்சிலர். சிக்னல் லைட் வோட், ரிமெம்பர்? அன்ரிதானே சைன் எல்லாம் கலெக்ட் பண்ணினவ. டிசம்பர் அஞ்சு டெட்லைன் அங்கிள். பின்னேரம் நாலரைக்குள்ள எங்கட ஒஃபீஸுக்கு வந்து சேர வேணும். சூப்பர் இம்போர்ட்டன்ட்.”

‘வோட்’ என்ற சொல் காதில் விழுந்ததும் பத்மநாதனின் முதுகு நிமிர்ந்தது. முப்பது வருடமாக எந்த வீட்டு வாசலில் காத்திருந்தாரோ, அந்த வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டதுபோல இருந்தது அவருக்கு. குணவதி அன்றே சீட்டில் ‘ஓம்’ என்று அடையாளம் போட்டு உறையில் வைத்திருந்தாள். தபால் முத்திரை கூடத் தேவையில்லை. தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டால் சரி.

“இஞ்சாருங்கோ, கோப்பி குடிக்கப் போகேக்க உதை ஒருக்கால் பெட்டிக்குள்ள போட்டுவிடுங்கோ.”

“போடுறதோ?” என்றார் பத்மநாதன். “உமக்கு உதின்ர தாற்பரியம் விளங்கேல்லை. வோட்டை உப்பிடிக் கண்டபாட்டில போடக் கூடாது. முறை ஒண்டு இருக்கு.”

அடுத்த செவ்வாய்க்கிழமை வட்டத்தின் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கப்பட வேண்டிய நாள். பத்மநாதன் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“நண்பர்களே, அமெரிக்காவில சனம் நேர ஜனாதிபதிக்கு வோட் போடுறதில்லை. தேர்வாளர்களைத் தெரிவு செய்யும். பிறகு தேர்வாளர்கள் கூடி வோட் போடுவினம். அநேகமான மாநிலங்களில வெண்டவனுக்கே முழு வோட்டும். அதால சின்ன மாநிலத்துக்கும் ஒரு கனம் இருக்கு. நாங்கள் ஆளாளுக்குத் தபாலில போட்டால் நாங்கள் ஆர்? உதிரிகள். நாற்பத்தொரு சீட்டையும் ஒண்டாய்ச் சேர்த்துக் கொண்டுபோய் வைச்சால்?”

“மாநிலம்!” என்றார் மாக்கஸ். “வழிமொழியிறன்.”

எதை வழிமொழிந்தார் என்று யாரும் கேட்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது. நாற்பத்தொரு குடும்பத் தலைவர்களும் வீட்டுக்குப் போய்க் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்த சீட்டுகளைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலானவற்றில் மனைவிமார் ஏற்கெனவே அடையாளம் போட்டிருந்தார்கள். அவை குணவதியின் குளிர்காலச் சப்பாத்து வந்த பெட்டியில் இடப்பட்டு, பிறந்தநாள் மெழுகுதிரியால் முத்திரை வைக்கப்பட்டன.

பிறகு, தனியாக அச்சடித்த சீட்டுகளோடு, வட்டத்துக்குள் ‘பொதுத் தேர்தல்’ நடந்தது. வாக்களிப்பு நூறு வீதம். அமெரிக்கா கனவிலும் கண்டிராத வீதம். காய்ச்சலோடு ஒருவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து வாக்களித்தார். மென்பொருள் வேலை பார்க்கும் கோபால், வட்டத்தின் ஒரே தமிழ்நாட்டுக்காரர், ‘நான் வாக்களித்தேன்’ என்று ஒட்டுத்தாள் அச்சடித்துக் கொடுத்தார். முடிவு: சிக்னல் விளக்குக்கு ஆதரவு முப்பத்தெட்டு, எதிர்ப்பு மூன்று. எதிர்த்தவர்களில் ஒருவர் விளக்கு ‘பீப் பீப்’ என்று கத்தும் என்றார். மற்றவர் எதிர்க்கட்சி இல்லாமல் ஜனநாயகம் எப்படி என்றார். மூன்றாமவர் சீட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். வென்றவனுக்கே முழுவதும் என்ற விதிப்படி, நாற்பத்தொன்றும் ‘ஓம்’ கணக்கில் ஏறின.

“ஆகவே,” என்றார் பத்மநாதன், “தேர்வாளர்கள் முறைப்படி கூடி உறுதிப்படுத்துற நாள், அமெரிக்கச் சட்டத்தின்படி, டிசம்பர் இரண்டாவது புதன்கிழமைக்குப் பிறகு வாற செவ்வாய். அதாவது பதினாறாம் திகதி.”

கோபால் கையை உயர்த்தினார். “சார், ஒரு சின்ன டவுட். நகரசபைச் சீட்டுல டிசம்பர் அஞ்சுன்னு போட்டிருக்கே?”

சிலர் கோபாலைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

“தம்பி,” என்றார் பத்மநாதன் கனிவோடு, “அமெரிக்காவில எத்தினை மாநிலம் கடைசி நாளுக்குப் பிறகு வந்த தபால் வோட்டையும் எண்ணுது, தெரியுமோ? நீதிமன்றத் தீர்ப்பே இருக்கு.”

“அதெல்லாம் கடைசி நாளுக்குள்ள தபால்ல போட்டிருக்கணும்ல சார்?”

“உது விவரம். நான் கதைக்கிறது தத்துவம்.”

தத்துவத்துக்கு முன்னால் கோபால் கையை இறக்கிக்கொண்டார். அந்த ஆண்டு அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலே இல்லை என்பதையும் அவர் சொல்ல நினைத்தார். சொல்லவில்லை. பஜ்ஜி வந்துவிட்டது.

டிசம்பர் ஐந்தாம் திகதி வெள்ளிக்கிழமை, தொழிற்சாலையிலிருந்து குணவதி தொலைபேசி எடுத்தாள். பின்னால் இயந்திரச் சத்தம்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்குத்தானே கடைசி நாள். எனக்கு இண்டைக்கு ரெண்டு ஷிஃப்ட். சீட்டைக் குடுத்திட்டியளோ?”

“நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். உம்மட ஒரு வோட்டுப் போனால் அவை கசக்கிப் போடுவினம். நாற்பத்தொண்டும் முத்திரை வைச்சுப் போனால் நடுங்குவினம்.”

“மெய்யேப்பா? திகதி பிந்தாதே?”

“குணவதி, ஆர் உதைப் படிச்சது? நீரோ, நானோ?”

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஒஹாயோவில் யார் வெல்வார் என்று அவர் சொன்னால் வென்றிருக்கிறார்கள். செனற்றில் எது விழும் என்று சொன்னால் விழுந்திருக்கிறது. அவ்வளவு தூரத்தில் நடப்பதெல்லாம் தெரிந்த மனிதருக்கு வாசலில் நடப்பது தெரியாமல் போகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

பதினாறாம் திகதி பார்ட்டி றூமில் தேர்வாளர்கள் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கூடினார்கள். ஒவ்வொருவர் பெயரும் வாசிக்கப்பட, ஒவ்வொருவரும் எழுந்து “உறுதிப்படுத்துகிறேன்” என்றார்கள். மாக்கஸ் மட்டும் “வழிமொழிகிறேன்” என்றார். படம் பிடிக்கப்பட்டது. மறுநாள் காலை பத்மநாதனும் மாக்கஸும் சப்பாத்துப் பெட்டியைப் பட்டுத்துணியால் போர்த்தி, பார்சல் வானில் வைத்து, நகரசபை உறுப்பினரின் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். வழியெங்கும் வான் சிக்னல் விளக்குகளில் நின்று நின்று போனது. ஒவ்வொரு சந்தியிலும் பத்மநாதன் அந்த விளக்குகளை ஒரு தகப்பனைப்போலப் பார்த்தார்.

அட்சயா பெட்டியைத் திறந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“அங்கிள்... இது எல்லாம் எங்கட ஏரியா சீட்டு. வை ஆர் தே ஹியர்? வோட் குளோஸ் பண்ணி ட்வெல்வ் டேய்ஸ்.”

“அதுக்கென்ன? இப்ப எண்ணுங்கோ.”

“எண்ண ஏலாது அங்கிள். நூற்றி ஐம்பத்தாறு வீடு பதில் போட்டிருக்க வேணும். வந்தது நூற்றி முப்பத்தொண்டு. அதில நூற்றி இருபத்தேழு யெஸ். ஜஸ்ட் இருபத்தஞ்சு காணாது. ஃபெயிலாப் போச்சு. லெட்டர் எல்லாருக்கும் அனுப்பியாச்சு.”

பத்மநாதன் பெட்டியைப் பார்த்தார். அவருக்குக் கணக்கு நன்றாக வரும். எந்தத் தேர்தல் இரவிலும் தொலைக்காட்சிக்கு முன்பாகவே கூட்டிவிடுவார். இந்தக் கூட்டலுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தது.

“பிள்ளை, உதுக்குள்ள நாற்பத்தொண்டு இருக்கு.”

“ஐ நோ அங்கிள்.”

“அப்ப ஒரு மீள எண்ணிக்கை கேக்கலாமே? புளோரிடாவில...”

“அங்கிள், இது மல்வேர்ன்.” அவள் கண் கலங்கியிருந்தது. “இனி த்ரீ இயர்ஸுக்கு வோட் கேக்க ஏலாது. அதுதான் ரூல். அன்ரிக்கு நான் என்ன சொல்லுறது?”

மாக்கஸ் வாயைத் திறந்தார். வழிமொழிய எதுவும் கிடைக்காமல் மூடிக்கொண்டார்.

பின்னேரம் பத்மநாதன் கதவைத் திறந்தபோது நகரசபையின் கடிதம் மேசையில் விரித்தபடி கிடந்தது. குணவதி வேலை உடுப்போடு இருந்தாள். அவர் பிடித்திருந்த பெட்டியைப் பார்த்தாள். தன் சப்பாத்துப் பெட்டி என்று அவளுக்குத் தெரிந்தது.

“எங்கட சீட்டும் உதுக்குள்ளயோ?”

“ஓம்.”

“என்னோட றோட்டைக் கடக்கிற பதினோராம் மாடி ரோகிணியின்ரயும்?”

“ஓம். ஆனால் நீர் ஒண்டை விளங்கிக் கொள்ள வேணும், இது ஒரு நடைமுறைச் சிக்கல்...”

“இருநூற்றிப் பதினாலு கையெழுத்து,” என்றாள் குணவதி. “இந்தக் கையாலதான் கொப்பியைப் பிடிச்சனான். இன்னும் நோகுது.” சோறு போட்டாள், கறி போட்டாள், போய்ப் படுத்தாள். பத்மநாதனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பது அவருக்குப் பழக்கமில்லாத உணர்ச்சி என்பதால், அதைச் சமிபாட்டுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டு இஞ்சித் தண்ணீர் குடித்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் அவர் பேசிய பேச்சைப்போல் ஒன்று அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அமெரிக்கத் தேர்தல் முறை எவ்வளவு கொடியது என்று கொதித்தார்.

“யோசிச்சுப் பாருங்கோ! பெரும்பான்மைச் சனம் ஓம் எண்டு சொல்லுது. ஆனால் தோக்குது! ஏன்? 1787ல பிலடெல்பியாவில ஒரு அறைக்குள்ள கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த கொஞ்ச ஆம்பிளையள் போட்ட விதியால!”

கைதட்டல் எழுந்தது. அப்போது கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

“அந்த அறைக்குள்ள ஒரு பொம்பிளையும் இருக்கேல்லையோ?”

குணவதி. லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

“இல்லை,” என்றார் பத்மநாதன். “அந்தக் காலத்தில பொம்பிளையளுக்கு வோட்டே இல்லை.”

குணவதி அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, ஒவ்வொரு முகமாக, நிதானமாகப் பார்த்தாள். நாற்பத்தொரு பேரும் தங்கள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்கள்.

“நான் சண்டை பிடிக்க வரேல்லை,” என்றாள். “விளக்கு இனி மூண்டு வருஷத்துக்கு இல்லை. சரி. நீங்கள் நாற்பத்தொரு பேர் இருக்கிறியள். விடிய ஐஞ்சு மணிக்கு நாங்கள் பதினொரு பொம்பிளையள் றோட்டைக் கடக்கிறம். நாளுக்கு நாலு பேர் வந்து, கையில ஒரு டோர்ச் லைட்டைப் பிடிச்சுக்கொண்டு றோட்டுக் கரையில நில்லுங்கோ. பத்து நிமிஷம். ஒரு ஆளுக்குப் பத்து நாளைக்கு ஒருக்கால்தான் வரும். ஏலுமோ?”

அறை உருகிவிட்டது. ஒருவர் கண்ணைத் துடைத்தார். மக்கள் சக்தி என்றால் இதுதான் என்றார் இன்னொருவர். கோபால் உடனடியாக அட்டவணை தயாரித்து எல்லோர் தொலைபேசிக்கும் அனுப்பினார். பத்மநாதன் தானே தீர்மானத்தை முன்மொழிந்தார். மாக்கஸ் வாழ்க்கையில் முதல்முறையாக, வழிமொழியும்போது அழுதார். ஆதரவு நாற்பத்தொன்று, எதிர்ப்பு இல்லை. எதிர்க்கட்சிக்காரர்கூட ஓம் என்றார். முதல் நாள் முறைக்குப் பத்மநாதன், மாக்கஸ், கோபால், ‘பீப் பீப்’ காரர் ஆகிய நால்வரின் பெயர்கள் பதிவாகின.

மறுநாள் விடிய ஐந்து மணி. வெளியே மைனஸ் இருபத்திரண்டு பாகை குளிர், பக்கவாட்டில் அடிக்கும் பனி. மாக்கஸுக்கு வான் ஸ்டார்ட் ஆகவில்லை என்று செய்தி வந்தது. அவர் வீட்டிலிருந்து றோட்டுக்கு லிஃப்டில் இறங்கினால் போதும் என்பது வேறு விஷயம். கோபாலுக்குக் காலையில் ஆபீஸ் மீட்டிங். ‘பீப் பீப்’ காரரின் போன் அணைந்திருந்தது. பத்மநாதன் எழும்பினார். கம்பளிச் சட்டை போட்டார். அதற்குமேல் ஜாக்கெட், தொப்பி, கையுறை எல்லாம் போட்டார். டோர்ச் லைட்டை எடுத்து அடித்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் திரையைக் கொஞ்சம் விலக்கி வெளியே பார்த்தவர், அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.

ஒன்பது மாடி கீழே குணவதி றோட்டுக் கரையில் நின்றாள். பின்னால் மற்றப் பெண்கள். அவள் கட்டட வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் பொறுத்து இன்னொருமுறை பார்த்தாள். பஸ்ஸின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. அவள் இடப்பக்கம் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், ஓடினாள்.

மூன்றாவது ஒழுங்கையில் அவள் கால் சறுக்கியபோது பத்மநாதன் “ஐயோ குணவதி!” என்று கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக் கத்திவிட்டார். ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் போனது. அவள் மறுகரை ஏறியதும்தான் அவருக்கு மூச்சு வந்தது. கண்ணீர் உண்மையாகவே வந்தது. இப்படி ஒரு கொடுமையைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் சும்மா இருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

அவர் சும்மா இருக்கவில்லை. கையுறையைக் கழற்றினார், அவள் போத்தலில் ஊற்றி வைத்துவிட்டுப் போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார், மேசையில் உட்கார்ந்து, அடுத்த செவ்வாய்க்கிழமைச் சொற்பொழிவின் தலைப்பை எழுதினார்:

‘அமெரிக்கர்கள் ஏன் வீதிக்கு இறங்குவதில்லை?’